வாங்காமல் விட்ட வயர்

நேற்று கொழும்பு லொறியில் ஒரு வெல்டிங் மெஷின் வந்து இறங்கியது. மெஷின் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகப்பை அளவுதான். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டி வேறு. இன்வேட்டர் என்று பெயராம். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வார்னிஷ் வாடை குப்பென்று வந்தது. நம்முடைய பழைய செட்டில் செம்புச் சுருள் சூடேறும்போது வருமே, அதே வாடை. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அதை வாங்க வந்தவர் ஒரு சிங்கள வெல்டிங் பாஸ். வீட்டுக் கரண்டில் வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யும் என்றேன். "ஆனால் பெட்டிக்குள்ளே வந்த எர்த் வயர் கட்டை. நீளமாக, இதே தடிப்பில் இன்னொன்று வாங்கிக்கொண்டு போங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "முதலாளி, மெஷினும் விற்று வயரும் விற்கப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு மெஷினை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எஹலியகொட பஜாரில் இத்தனை வருஷம் கடை வைத்திருப்பவன் சொல்லும் நல்ல வார்த்தையும் வியாபாரமாகத்தான் கேட்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

உன்னிடம் எதையும் சுற்றிவளைத்துச் சொல்லிப் பழக்கமில்லை. உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய், அந்த ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எழுத்தாகக் கிடக்கிறது. கீழே என் கையெழுத்து. பக்கத்தில் உன் கையெழுத்து. பதினொரு வருஷம் நீ உயிரோடு இருந்தபோது அதை நான் திருத்தவில்லை. இப்போது நீ போய் ஒரு வருஷமாகிறது. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

தொண்ணூற்றிரண்டில் நாம் தொடங்கியபோது நம்மிடம் இருந்தது அந்தப் பச்சைப் பெயின்ட் பெட்டி ஒன்றுதான். பழைய இரும்பு வியாபாரத்தில் என் கைக்கு வந்தது. கொழும்பு யார்டில் வெல்டிங் படித்துவிட்டு வந்து நீ சும்மா இருந்தாய். பெட்டி என்னுடையது, கை உன்னுடையது என்று பேசிக்கொண்டோம். இரண்டு பேர் சேர்ந்தாலும் கையால் தூக்க முடியாத கனம். மூங்கிலில் கட்டி ஆளுக்கொரு முனையாகத் தோளில் சுமப்போம். ரோட்டோரத்தில் விறகு கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி நம்மைப் பார்த்து, "யாரப்பா செத்தது? இப்பிடித் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள்.

"கரண்டு தான்க்கா," என்றாய் நீ. "இந்தப் பெட்டிய ஒங்க ஊர்ல மாட்டுனா கரண்டு செத்துப்போவும். இப்பவே அழுது வச்சுக்கங்க."

நீ சொன்னது பொய்யில்லை. நாம் போகிற வீட்டு மீட்டரிலிருந்துதான் கரண்ட் எடுப்போம். நீ வெல்டிங் ராட் ஒன்றை இரும்பில் தட்டி நெருப்பெடுத்த கணமே அந்த ஒழுங்கை முழுக்க பல்ப் எல்லாம் சிவந்து சுருங்கிவிடும். அதனால் வேலை தொடங்குமுன் நீ ஒரு சுற்றுப் போவாய். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நோனா ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் கழற்றுங்கள், மாத்தயா டீவியை நிறுத்துங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சிவிட்டு வருவாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு ஜன்னலுக்குக் கம்பி வைத்துவிடலாமே.

"நீ பாக்குறது இந்த நுனிய மட்டும்டா," என்பாய். "கரண்டு வர்ற வழியெல்லாம் ஆளு குடியிருக்கு."

அந்தக் காலத்தில் நமக்கு வேலைக்குக் குறைவில்லை. கலவரம் பார்த்த வீடுகள் கம்பிக் கதவு கேட்டன. மத்திய கிழக்குக்கு மகளை அனுப்பிய வீடுகள் கேட் கேட்டன. கரண்ட் இல்லாத தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். கொடகவெலப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் இரும்புக் கதவின் பிணைச்சல் முறிந்து, கதவு வாசலில் குறுக்கே கிடந்தது. லயத்தில் கரண்ட் கிடையாது. டீவி பார்க்க கார் பேட்டரி வைத்திருந்தவர்கள் மூன்று பேர். நீ மூன்றையும் வாங்கிவரச் சொல்லி, ஒன்றோடொன்று கோத்துக் கட்டி, அதிலேயே பிணைச்சலை ஒட்டினாய். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பேட்டரி மூன்றும் செத்துவிட்டன. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, படம் போடும் நாள்.

"பாஸண்ணே, கதாநாயகி கெணத்துல குதிக்கப் போறா, அவள யாரு காப்பாத்துறது?" என்று ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வாரமும் அவ உசுரோடதான் இருப்பா தங்கச்சி, எனக்குத் தெரியும்," என்றாய். லயமே சிரித்தது. பேட்டரிகளைப் பஜாருக்குச் சுமந்து போய் சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நீ வீட்டுக்குப் போனாய்.

பிறகு நான் ஜெனரேட்டர் வாங்கினேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் மெஷின். அதுவே கரண்ட் எடுக்கும், அதுவே வெல்டிங்கும் செய்யும். யார் வீட்டு மீட்டரையும் எதிர்பார்க்க வேண்டாம், எந்த நோனாவிடமும் கெஞ்ச வேண்டாம். கைட்ராக்டர் பெட்டியில் ஏற்றி, பக்கப் பலகையில் கடைப் பெயரை எழுதினேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமை என் கல்யாணத்தன்றுகூட இருக்கவில்லை. நீ மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வயரு எவ்வளவு வாங்கின?"

அதுதான் அந்த மெஷினின் கோளாறு. ரோடு இருக்கும் இடம்வரைதான் கைட்ராக்டர் போகும். லயமோ ரோட்டுக்குக் கீழே, படி இறங்கித்தான் போகவேண்டும். மெஷின் மேலேயே நிற்கும், வயர்தான் இறங்கவேண்டும். அதுவும் இரண்டு வயர். ஒன்று உன் கைப்பிடிக்குப் போவது, இன்னொன்று ஒட்டும் இரும்பிலிருந்து மெஷினுக்குத் திரும்புவது. எர்த் வயர் என்று நாம் சொல்வது அந்த இரண்டாவது. கைப்பிடி வயரை நீ கேட்டபடியே வாங்கிவிட்டேன், தடித்த செம்பு, ஐம்பது மீட்டர். எர்த் வயரில்தான் என் புத்தி வேலை செய்தது. பதினைந்து மீட்டர் போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

"இதுல என்ன இருக்கு? வெறுமனே திரும்பி வர்றதுதானே," என்றேன். "எங்கயாச்சும் இரும்புல மாட்டினா சரி."

"போற கரண்டு அத்தனையும் திரும்பி வரணும்டா. அது எது வழியா வருதுன்னு நீயா முடிவு பண்ணணும், இல்லாட்டி அதுவே முடிவு பண்ணிக்கும்."

எனக்குப் புரியவில்லை என்று சொல்லமாட்டேன். புரிந்தது. அடுத்த மாதம் வாங்கலாம் என்று தள்ளினேன், அதற்கடுத்த மாதமும் தள்ளினேன். செம்பு விலை கூடிக்கொண்டிருந்தது. உன் கை நல்ல கை, எப்படியும் சமாளித்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கெட்டிக்கார வேலைக்காரன் கிடைத்தால் முதலாளிக்கு வரும் வியாதி அது.

தொண்ணூற்றேழில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ருவான்வெல்லைப் பக்கத்து அந்தத் தோட்டத்துக்குப் போனோம். பத்துக் குடும்பத்துக்குப் பத்துக் காம்பரா வரிசையாக உள்ள லயம். கடைசிக் காம்பராவில் ஜன்னலுக்குக் கம்பி வைக்கவேண்டும். லயம் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்ததால் முதல் காம்பராவின் கூரைத் தகரம் ரோட்டு மட்டத்துக்கே வந்து நின்றது, கையெட்டும் தூரம். பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை, ஒரே நீளத் தகரம். என் கண்ணில் அது தகரமாகத் தெரியவில்லை. இலவசமாகக் கிடந்த எர்த் வயராகத் தெரிந்தது.

நீ மாட்டேன் என்றாய். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பைப்படிப் பக்கத்தில் நின்று சத்தமாகவே சொன்னாய். "எனக்கு வயரு வேணும். இன்னைக்குத் திரும்பிப் போவோம், வயரோட நாளைக்கு வருவோம்."

"நாளைக்கு எஹலியகொடையில வேலை இருக்கு. தகரத்துல மாட்டு. அங்கிட்டு ஒரு கம்பியால ஜன்னலத் தகரத்தோட கட்டிக்க. முடிஞ்சிச்சி."

"கூரைக்குக் கீழ குடியிருக்காங்கடா."

"ஒரு மணி நேர வேலைடா. நான் சொல்றேன்ல? மாட்டு."

நான் முதலாளிக் குரலில் பேசினேன். அப்படி உன்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு குனிந்து க்ளாம்பை எடுத்துத் தகரத்தின் ஓரத்தைச் சுரண்டி மாட்டினாய். அந்த நேரத்திலும் சுரண்டாமல் மாட்ட உனக்கு மனம் வரவில்லை.

முக்கால் மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஆறாவது காம்பராக் கூரையில் புகை வந்தது. அங்கே தகரமும் தகரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் துருவேறிக் கிடந்திருக்கிறது. கரண்ட் அந்த இடத்தில் முட்டி முட்டிப் பாய்ந்து, தகரம் சிவக்கச் சூடேறி, பொறி விழுந்திருக்கிறது. நேர் கீழே அடுப்புக்குமேல் பரண். பரண் நிறைய வருஷக்கணக்கில் புகை குடித்துக் காய்ந்த ரப்பர் விறகு. வேறென்ன வேண்டும்?

நீ கைப்பிடியை எறிந்துவிட்டு ஓடினாய். நான் மெஷினை நிறுத்த ஓடினேன். லயத்து ஜனம் வாளியோடு வந்தது. அடுத்த காம்பராக்களுக்குப் பரவவில்லை. யாருக்கும் காயமில்லை. அந்தக் காம்பராவில் இருந்த கருப்பையாவும் அவர் மனைவி ராக்கம்மாவும் பைப்படியில் நின்றிருந்தார்கள், மகள் பள்ளிக்கூடத்தில். நல்ல வேளை என்று நான் சொன்னபோது ராக்கம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ட்ரங்குப் பெட்டி! ட்ரங்குப் பெட்டி!" என்றாள்.

உடுதுணிக்கு அழுகிறாள் என்று நினைத்தேன். பெட்டிக்குள் இருந்தது கருப்பையாவின் அப்பாவுடைய பிரஜாவுரிமைப் பத்திரம். அதோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். தகரப்பெட்டி வேகாமல் நின்றது. திறந்து பார்த்தபோது உள்ளே காகிதம் கருகிப் பொடியாகியிருந்தது. மகள் அந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டியவள். பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்கு அந்தக் காகிதங்கள் வேண்டும். அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளை அந்த நாட்களில் ஒரு செக்பொயின்ட்டைத் தாண்ட முடியுமா? இதை உனக்கும் எனக்கும் யாரும் விளக்கத் தேவையில்லை.

மறுநாள் ஆபீஸில் விசாரணை. தோட்டத்து மேனேஜர் துரை மேசைக்குப் பின்னால், கிளாக்கர் பக்கத்தில் உட்கார்ந்து சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்துக்கு ஆணியும் தகரமும் என் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. துரை கேட்டார், "கூரையில் க்ளாம்ப் மாட்டியது யார்?"

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. "பாஸ் தான் மாட்டினாரு சேர். வெல்டிங் வேலையெல்லாம் அவரு பொறுப்பு. எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றேன். முதல் பாதி உண்மை, மீதி பொய். நல்ல வியாபாரிக்கு அந்தக் கலவை தானாக வரும்.

துரை உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "மாட்டினது என் கைதான் சேர்," என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை. கிளாக்கர் தாளைத் திருப்பி வைத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்தத் தோட்டத்திலும், அதே கம்பனியின் மற்றத் தோட்டங்களிலும் உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லயங்களில் "வீட்டைக் கொளுத்துன பாஸ்" என்று உனக்குப் பெயர் வந்தது. பேட்டரி வாங்கித் திருப்பிக் கொடுத்த உனக்கு! என் ஆணியும் தகரமும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

நீ என்னோடு சண்டை போடவில்லை. ஒரு நாள் கைட்ராக்டர் சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனாய். ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, தேங்காய்த் திருவலையும் அடுப்புக் கம்பியும் செய்து விற்றாய். ராட் வாங்க என் கடைக்குத்தான் வருவாய். "மொதலாளி, ரெண்டு கிலோ ராட் குடுங்க" என்பாய். ஒரே லயத்தில் பிறந்து, டேய் என்பதைத் தவிர வேறெப்படியும் என்னைக் கூப்பிடாதவன் நீ. அந்த 'குடுங்க' என் காதில் விழும்போதெல்லாம் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், உன் முகத்தைப் பார்க்காமல்.

நீ கருப்பையாவைக் கூட்டிக்கொண்டு கேகாலைக் கச்சேரி ஆபீஸுக்கும் கொழும்புக்கும் அலைந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒரு கந்தோரில் இன்னொரு கந்தோரைக் காட்டுவார்கள், அங்கே போனால் பழைய நம்பர் கேட்பார்கள், நம்பர் எரிந்த காகிதத்தில் இருந்தது. பிள்ளை அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. மறுவருஷம் எழுதினாள். வேலையை விட்டுவிட்டு நீ எத்தனை நாள் அலைந்தாய் என்று கேட்க எனக்கு வாய் இருக்கவில்லை.

சீனி வியாதி உன் காலைத் தின்றபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன், இதை நீ நம்பவேண்டும். தோடம்பழப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றேன். "யாவாரமெல்லாம் எப்பிடிங்க மொதலாளி?" என்று கேட்டாய். "பரவாயில்லை" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்து, வந்தவர்களைப் போகச் சொன்னார்கள். மணி அடித்தது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று அந்த மெஷின் போன பிறகு தூக்கம் வரவில்லை. இன்று காலை கடையை மகனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

முதலில் ஆபீஸுக்குப் போனேன். துரை மாறிவிட்டார், கிளாக்கரும் மாறிவிட்டார். புதிய கிளாக்கர் நல்ல மனிதர். அலுமாரியில் தேடி, தூசு தட்டி, அந்த ஃபைலை எடுத்தார். நான் நடந்ததைச் சொல்லி, அதில் எழுதிச் சேர்க்கும்படி கேட்டேன். அவர் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். "இந்தப் பாஸ் இப்ப எங்க இருக்காரு?"

"போயிட்டாரு. ஒரு வருஷமாச்சி."

"செத்துப்போனவருக்கு இப்ப எதுக்குங்க இது?" என்று மெதுவாகக் கேட்டு, ஃபைலை மூடி வைத்துவிட்டார்.

பிறகு லயத்துக்கு இறங்கினேன். கருப்பையாவும் ராக்கம்மாவும் அதே ஆறாவது காம்பராவில்தான் இருக்கிறார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காராமலே சொன்னேன், ஒன்று விடாமல். கருப்பையா வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கம்மாதான் பேசினாள்.

"எங்களுக்குத் தெரியுமுங்க. நாங்க பைப்படியிலதான நின்னோம். பாஸண்ணே வயரு வேணும்னு சத்தம் போட்டதும் கேட்டிச்சி, நீங்க தகரத்துல மாட்டுன்னதும் கேட்டிச்சி."

"அப்ப ஏன் ஆபீஸ்ல சொல்லல?"

"சொல்லத்தான் இவரு கௌம்புனாரு. பாஸண்ணேதான் கையப் புடிச்சி நிப்பாட்டிட்டாரு. 'கொஞ்சம் பொறுங்க, அவனே வந்து சொல்லுவான்'னாரு."

"அப்பறம் இந்தப் பக்கம் எப்ப வந்தாலும் கேப்பாரு," என்றாள். "உள்ளகூட வரமாட்டாரு. வாசல்ல நின்னுக்கிட்டே, 'அவன் வந்தானா?'ன்னு கேப்பாரு. கால் எடுக்குறதுக்கு முந்தி நொண்டிக்கிட்டு வந்தாரே, அப்பவும் கேட்டாரு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"இல்லைன்னுதான் சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்றது? தேத்தண்ணி குடுப்பேன். குடிச்சிட்டுப் போயிருவாரு."

எனக்கும் தேத்தண்ணி தந்தாள். குடித்தேன். படியேறி ரோட்டுக்கு வர நடுவில் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது, எனக்கும் மூச்சு வாங்குகிற வயதாகிவிட்டது. என் கடையிலிருந்து அந்த வாசலுக்கு ஒரு பஸ்ஸும் அரைமணி நேர நடையும்தான். பன்னிரண்டு வருஷமாக என் லொறி அந்த ரோட்டில் போய்வந்திருக்கிறது, நான் இறங்கியதில்லை. நீ என்னைத் திட்டியிருப்பாய், சபித்திருப்பாய் என்று நினைத்துத்தான் இவ்வளவு காலம் பயந்தேன். நீயோ என்னை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். மரத்துப்போன காலோடு அந்தப் படியில் இறங்கி, 'இல்லை' என்று ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறியிருக்கிறாய். எத்தனை தடவை என்று ராக்கம்மாவுக்கும் கணக்குத் தெரியவில்லை. நீ வாங்கிக்கொண்டு போன அந்த 'இல்லை' அத்தனையும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இறக்கிவைக்க இடமில்லை.